இடது ஓரம்

கடையைப் பிரிக்கிறோம்.
சண்டை ஒன்றும் இல்லை. குன்வால்திஸுக்கு முட்டி தேய்ந்துவிட்டது,
எனக்குப் பொறுமை.
ரீகாவில் நவம்பர் மாதம் மூன்றரை மணிக்கே விளக்கு கேட்கும்.
டிராம் திரும்பும்போதெல்லாம்
கண்ணாடி அலமாரிக்குப் பல் கிட்டுகிறது.

பதினெட்டு ஆல்பம் அவருக்கு, பதினாறு எனக்கு,
ஜார் காலத்துக் கட்டு ஏலத்துக்கு.
காப்பி இயந்திரம் யாருக்கும் வேண்டாம்.
பிறகு, பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:
"அந்தச் சிவப்பு ஐந்து கபேக்கா
உன் பங்கில் வரட்டும், வெல்டா. முழு விலைக்கு."

அது அவர் கொடுத்தது.
கடைக்குப் பத்து வயதானபோது,
கண்ணாடித்தாள் உறைக்குள் வைத்து, உறையைத் தீப்பெட்டிக்குள் வைத்து.
தேசம் பிறந்த குளிர்காலத்தில் தாள் கிடைக்காமல்
ஜெர்மன் ராணுவ வரைபடங்களின்
முதுகில் அச்சடித்த தபால்தலை.
முன்னால் சூரியன், கோதுமைக் கதிர்.
பின்னால் யாரோ பிடிக்க நினைத்த ஊர்.

தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக் கூடாது.
ஒன்பது வருடம் நான் பார்க்கவில்லை.
முழு விலை என்றதும் கை தானாக
அளவு அட்டையை எடுத்தது.

இரண்டு சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை?
அட்டை கேட்பது அவ்வளவுதான்.
மேலே பதினொன்றரை. புள்ளிமேல் பள்ளம் பள்ளமாக உட்கார்ந்தது.
வலது, பதினொன்றரை.
கீழே பதினொன்றரை; மூலையில் ஒரு பல் குட்டை,
அடுத்த தலை பிரியும்போது கொஞ்சம் சதையோடு போயிருக்கிறது.
இடது:
முதல் நான்கு சரி.
ஐந்தாவது தள்ளாடியது.
ஒன்பதாவதில் ஒரு முடியளவு வழி தப்பியது.

லென்ஸை வைத்தேன்.
மற்ற மூன்று ஓரமும் கிழிந்த பஞ்சு, மீசை முளைத்த பற்கள்.
இது மட்டும் வெட்டின நகம்போல் வழுவழுப்பு.
அகலத்தை அளந்தேன்.
முக்கால் மில்லிமீட்டரைக் காணோம்.

ஆயிரம் யூரோ போகிற தலைக்குத்தான் பொய்ப்பல் கட்டுவார்கள்,
அப்படி எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன்,
கூடவே சுருக்கமாக ஒரு கடிதமும்.
இதன் விலை
இரண்டு கிண்ணம் பீட்ரூட் சூப்.

பென்சிலால் எழுதினேன்:
இடது ஓரம் பின்னாளில் துளையிட்டது.
எதிர்ப்பக்கமிருந்து, தலைகீழாகவே படித்துவிட்டார்.
முப்பது வருட எழுத்து, தலைகீழாகவும் தெரியும்.

"கத்தரிக்கோல் பட்டிருந்தது" என்றார்.
"கொடுக்கும்போது முழுசா இருக்கட்டும்னு."
"எதால்?"
"தோல் தைக்கிற ஊசி. முனையைத் தட்டையாத் தீட்டினேன்.
மூணு ராத்திரி."
"ஐந்தாவதில்?"
"தும்மினேன்."

நான் சிரித்திருக்கலாம்.
விலைக் கட்டத்தில் பென்சில் நின்றது.
இந்தப் பொய்யை எந்தக் கேட்லாக்கில் தேடுவது,
மூன்று ராத்திரியை எந்த விலைக்கு எழுதுவது?
அவர் காப்பி இயந்திரத்தைத் துடைக்கப் போனார்,
யாருக்கும் வேண்டாத அதை.

சாமணத்தால் தலையைத் திருப்பினேன்.
திருப்பினால் இடது வலதாகிவிடும்.
ஒரு ஓடை. புள்ளிக்கோட்டில் ஒரு நடைபாதை.
பாதை முடியும் இடத்தில் கறுப்பு எழுத்தில் ஊர்ப் பெயர்,
ஜெர்மன் மொழியில் 'பழைய' என்று தொடங்கி
ஓரத்தில் நிற்கிறது.
கத்தரி கொஞ்சம், ஊசி கொஞ்சம் தின்றிருக்கின்றன.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
இங்கே பல் வந்து சொல் போயிருக்கிறது.

பழைய ஆலையா, பழைய பண்ணையா, பழைய பாலமா,
ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காலையில்
அவர் மேசையடியில் கூட்டித் தள்ளிய
கடுகிலும் சிறிய வட்டங்களில் கிடந்திருக்கும்.

உள்ளேயிருந்து கேட்டார்,
பால் மிச்சம் இருக்கிறதா என்று.